நான் கழுவி வைத்த டைல்ஸ்

பீரோவிலிருந்து அந்த டேப்களை, விரலால் தொட்டால் ஓடுகிற சின்ன கம்ப்யூட்டர்களை, வெளியே எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிலேட்டு அகலத்தில், கண்ணாடி மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்காமல், மொத்தம் இருபது. பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு வருடமாகியும் எந்தப் பிள்ளையின் கையும் அதில் படவில்லை. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் பூட்டச் சொன்னார், நான் பூட்டினேன். வாரத்துக்கு ஒரு தடவை பீரோவின் வெளிப்பக்கத்தைத் துடைப்பதோடு சரி. புதிதாக வந்த அறிவியல் டீச்சர் என்னிடம் சாவி வாங்கித் திறந்து, முதல் டேப்பின் பிளாஸ்டிக் தாளைச் சர்ரென்று உரித்தார். கல்யாணப் புடவையின் மடிப்பை யாரோ கலைத்தது போல எனக்குத் திக்கென்றது.

திருவொற்றியூரில் கடலுக்கும் லாரி ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த நடுநிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் ஆயாவாக வேலை பார்த்தேன். இரண்டாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், இதையும் அப்படித்தான் மெல்ல மெல்ல எழுதுகிறேன். ஆனால் என் வேலையில் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. எங்கள் பக்கத்துத் தூசி சாதாரணத் தூசி இல்லை. காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் விரல் வைத்தால் கண்மை மாதிரி ஒட்டும். நாளுக்கு மூன்று தடவை துடைப்பேன், அதிகாரி வருகிற நாளில் நான்கு. வருகிறவர்கள் ஜன்னலில் விரலைத் தேய்த்துப் பார்ப்பார்கள். இத்தனை வருடத்தில் எந்த அதிகாரியின் விரலும் கறுத்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

டீச்சரம்மா தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மட்டும் என்று அனுப்பப்பட்டவர். மெலிந்த உடம்பு, பெரிய மூக்குக் கண்ணாடி. பிள்ளைகள் சரியான விடை சொன்னாலும் சந்தோஷப்படாமல், "சரி, அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். முதல் மாதம் பிள்ளைகள் திணறிப்போனார்கள். "பசிக்குதுன்னு சொன்னாகூட எப்டி தெரியும்னு கேக்குறாங்க ஆயா" என்று ஒருத்தன் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னான். டேப்பைப் படம் காட்டி உட்கார வைக்கிற பெட்டியாக அவர் வைக்கவில்லை. படம் எடுக்கச் சொல்வார், இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார், அப்புறம் சண்டை போடச் சொல்வார். ஏழாம் வகுப்பில் அப்போது கேட்ட சத்தம் மீன் மார்க்கெட்டில்கூடக் கேட்டிருக்காது.

ஒருநாள் நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். இந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கடற்காற்றில் வருகிறது என்றேன். "எப்படித் தெரியும் ஆயாம்மா?" என்றார். அத்தனை வருடம் துடைத்திருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை.

அதே கேள்வியை அவர் வகுப்புக்குக் கொண்டுபோனார். கன்டெய்னர் லாரிப் புகை என்றான் ஒருவன். துறைமுகத்திலிருந்து வருகிறது என்றாள் ஒருத்தி. புகைபோக்கி, டயர் எரிக்கிறார்கள் என்று ஆளுக்கு ஒன்று. டீச்சரம்மா எதையும் சரி என்று சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. லாரிதான் காரணம் என்றால் எந்தத் தெருவில் அதிகம் விழவேண்டும், கடல் பக்கத்திலிருந்து வந்தால் எங்கே அதிகம் விழவேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகளே பேசிப் பேசி வழி கண்டுபிடித்தார்கள். வீடு கட்டுகிற இடத்திலிருந்து ஒரே அளவில் பதினெட்டு வெள்ளை டைல்ஸ் துண்டு வாங்கி வந்து, பதினெட்டுப் பேரும் ஆளுக்கு ஒன்றைத் தங்கள் வீட்டு மாடியில் வைத்தார்கள். தினம் டேப்பில் படம் எடுத்து, டேப்பிலேயே இருந்த தெருப்படத்தில் அவரவர் வீட்டின் மேல் அதைப் பதித்தார்கள். பட்டத்தின் மேலே உட்கார்ந்து பார்ப்பது போல எங்கள் ஊரே அதில் தெரிந்தது. "தோ பாரு ஆயா, உன் வூடு" என்று ஒரு பெண் என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள்.

அந்தப் பெண்ணின் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவள். பெண் வாயே திறக்கமாட்டாள். ஒரு வாரம் கழித்து எல்லாரும் படங்களைப் பார்த்து லாரிதான் என்று முடிவு கட்டுகிற நேரத்தில், கடைசி பெஞ்சிலிருந்து அவள்தான் எழுந்து, லாரி ரோட்டோரத்துப் பையன் ஒருத்தனைக் காட்டிப் பேசினாள். "என் வூட்டு மாடில வெயிலு அப்டியே அடிக்குது டீச்சர். அவன் வூட்டாண்ட பெரிய பில்டிங்கு, நெழலாவே கீது. போட்டோல அவுனுது கருப்பா தெரியுது. தூசியாலயா, நெழலாலயா, எப்டி தெரியும்?"

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் இவ்வளவு நாளும் எதற்குக் காத்திருந்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் லேசாகப் புரிந்தது. எடுத்த படம் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, டைல்ஸைக் கழுவி இன்னொரு வாரம் மாடியில் வைப்பது, பிறகு எல்லாவற்றையும் ஜன்னலோர பெஞ்சில் அடுக்கி, ஒரே வெளிச்சத்தில், ஒரே டேப்பில் படம் எடுப்பது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். நான் அப்போது மூலையில் தண்ணீர்ப் பானையை நிரப்பிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. காதோடு நின்றுவிட்டது.

டீச்சரம்மாவை இன்னும் ஒரு வருடம் இங்கேயே விடச்சொல்லித் தலைமையாசிரியர் எழுதியிருந்தார். ஒரு அதிகாரி வந்து வகுப்பைப் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. பிள்ளைகளுக்கும் அது தெரியும். அவர் எதிரிலேயே டைல்ஸைப் படம் எடுத்து, அவரோடு சேர்ந்தே விடையைப் பார்ப்போம் என்றார் டீச்சரம்மா. முன்னாடியே பார்த்துவிட்டால் அது நாடகம் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டார். முதல் நாள் சாயந்திரம் பிள்ளைகள் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து பெஞ்சில் அடுக்கிவிட்டுப் போனார்கள். அறையை நான்தான் பூட்டினேன்.

காலை ஆறு மணிக்கு வந்து திறந்தேன். தரை, ஜன்னல், கரும்பலகை எல்லாம் துடைத்து முடித்துத் திரும்பினால், பெஞ்சு மேல் பதினெட்டு அழுக்கு டைல்ஸ். படம்தான் டேப்பில் தினம் எடுத்தாயிற்றே, இந்த அழுக்கு இனிமேல் எதற்கு, பிள்ளைகள் அவசரத்தில் கழுவ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் ஈரம் போகத் துடைத்து, எது எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக வைத்தேன். வரிசைகூட மாறவில்லை.

மீன்காரம்மா பெண்தான் முதலில் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். யார் கழுவியது என்று கேட்டாள். "நான்தான். பளபளன்னு கீதுல்ல?" என்றேன். அவள் ஒரு டைல்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா ஆயா நீ" என்றாள், அவ்வளவுதான். பின்னால் வந்த டீச்சரம்மா பார்த்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். படம்தான் அதில் இருக்கிறதே என்றேன். "இருக்கு ஆயாம்மா. ஆனா அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார் அதிகாரி. ஒரு பையன் பழைய படங்களைக் காட்டி லாரிதான் என்று ஆரம்பித்தான். அவன் சொல்லி முடித்திருந்தால் அவரும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். அந்தப் பெண் எழுந்தாள். "இல்ல சார். அந்த போட்டோலாம் ஒரே வெளிச்சத்துல எடுத்தது இல்ல. அத்த வெச்சி சொன்னா தப்பு." அப்படியானால் என்னதான் கண்டுபிடித்தீர்கள் என்று மறுபடி கேட்டார். "ஒண்ணும் இல்ல சார்" என்றாள். டீச்சரம்மா ஏதோ விளக்கிச் சொல்ல வந்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாசலுக்கு வெளியே துணியோடு நின்றேன். நான்தான் கழுவினேன், பிள்ளைகள் மேல் தப்பில்லை என்று உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். அதிகாரி இருக்கும்போது ஆயா வகுப்புக்குள் நுழையக் கூடாது. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை, இத்தனை வருடப் பழக்கம். ஒரு காலை எடுத்து வைத்தேன், மறுகால் வரவில்லை. வெளியே வந்தவர் போகிற போக்கில் ஜன்னல் கட்டையில் விரலை இழுத்துப் பார்த்தார். பள்ளிக்கூடம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் சொல்லி, அதைப் புத்தகத்திலும் எழுதிவிட்டுப் போனார்.

அந்த வருடம் முடிகிற நேரத்தில் டீச்சரம்மாவுக்குத் திரும்பிப் போகச்சொல்லி உத்தரவு வந்தது. டைல்ஸைத் திரும்ப மாடியில் வைப்போம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பரீட்சை நேரம், டேப் வேறு வேலைக்கு வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். கிளம்பும் அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க உங்க வேலையைத்தான் செஞ்சீங்க" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டேப் இப்போதும் ஓடுகிறது. மாதப் பரீட்சை அதில்தான். ஒரு கேள்வி வரும், கீழே நான்கு விடை வரும், ஒன்றைத் தொட்டால் சரியா தப்பா என்று அதுவே சொல்லிவிடும். எப்படித் தெரியும் என்று அது கேட்பதில்லை.

அடுத்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். தலைமையாசிரியர் அந்த அதிகாரி எழுதிய வரியை எடுத்துப் படித்தார்: பள்ளி வளாகம் மிகவும் தூய்மையாகப் பராமரிக்கப்படுகிறது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எட்டாம் வகுப்பு வரிசையில் அந்தப் பெண் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் செய்தது சரி என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் மைக்கில் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

இப்போது அவள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். என் தெரு வழியாகத்தான் போக வேண்டும். காலையில் நான் வீட்டு ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருப்பேன், துணி கறுத்துப் போயிருக்கும். அவள் அந்தத் துணியை ஒரு தடவை பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். இன்றைக்காவது அந்தப் பேச்சை எடுப்பாள் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். "சாப்டியா ஆயா?" என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள்.