வார்னிஷ் மட்டும்தான் பாக்கி

அந்தத் தெருவில் யாருக்காவது அவசரமாக ஓர் உடை வேண்டுமென்றால் டைலரக்காவிடம் போகமாட்டார்கள். உடை நன்றாக இருக்கவேண்டும் என்றால்தான் போவார்கள்.

மாடிப்படிக்குக் கீழே கடை. கதவைத் திறந்தால் தையல் இயந்திரம், அதற்குப் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் சுவர். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்கவேண்டும். முப்பத்தொரு வருடமாக அந்த இடத்திலிருந்து அவள் கெட்டுப்போன தையலைக் கொடுத்ததில்லை. சொன்ன நாளில் கொடுத்ததும் இல்லை.

அவளிடம் சில வாக்கியங்கள் இருந்தன. "இஸ்திரி போட்டா முடிஞ்சுது" என்றால் துணி வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். "பட்டன் மட்டும்தான் பாக்கி" என்றால் கை இன்னும் ஏறவில்லை. "ஒரு தடவை வந்து போட்டுப் பார்த்துடுங்க, உடனே முடிச்சுடறேன்" என்று தொலைபேசியில் சொன்னால், கொடுத்த துணி கொடுத்த பையிலேயே இருக்கிறது. யாருக்கும் வர நேரம் இருக்காது. வராவிட்டால் தாமதம் அவர்கள் பேரில் போய்விடும். இத்தனை வருடத்தில் இரண்டு பேர்தான் நிஜமாகவே வந்து நின்றார்கள். இருவரிடமும் கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டாள். இரண்டாவது ஆள் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கையில் இருக்கும் துணியை ஒழுங்காக முடிக்க, காத்திருக்கும் துணிக்காரரிடம் நேரம் கடன் வாங்குகிறாள், அவ்வளவுதான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஓடுகிற ஊசி அவளுடைய இடது மோதிர விரலில் இறங்கிவிட்டது. காயம் ஆறியது. ஆனால் நுனிக் கணு மடங்கவில்லை. விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் மருத்துவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் நாத்தனார் தன் பழைய மேண்டலினைக் கொண்டுவந்து கொடுத்து, "இதை மீட்டுங்க அண்ணி. விரலும் பழகும், பொழுதும் போகும்" என்றாள். விரல் பழகவில்லை. ஆனால் மேண்டலின் பழகிவிட்டது.

நாத்தனார் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் இசைக்குழு நடத்தினாள். பதினோரு பேர். டைலரக்காவும் சேர்ந்தாள். ஒரு கம்பியை அழுத்தும்போது அந்த விறைத்த விரல் பக்கத்துக் கம்பியிலும் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். இனிமையாக வரவேண்டிய இடத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். குழுவில் அதற்கு 'அண்ணி டொக்' என்றே பெயர். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நாத்தனார் அவள் கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்துப் பின்வரிசையில் உட்கார வைத்தாள்.

அவள் ஒரு வருடம் கிலுக்கினாள். அப்போது மூன்றாவது மேண்டலின் வாசித்தவர் வேறு ஊருக்கு மாறிப்போனார். நூலக அரங்கில் நிகழ்ச்சிக்கு ஐந்து மாதம் இருந்தது.

"அந்த நாற்காலி எனக்கு வேணும்" என்றாள் டைலரக்கா.

"டொக் இல்லாம வாசிச்சா உங்களுக்குத்தான் அண்ணி. இல்லேன்னா பல் டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

பல் டாக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மோசமாக வாசிப்பார். ஆனால் டொக் வராது.

கம்பிகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் இடம் இருந்தால் விரல் சாயாது என்பதை டைலரக்கா டேப்பை வைத்தே கண்டுபிடித்தாள். கழுத்து அகலமான மேண்டலின் கடையில் கிடைக்காது. செய்யச் சொல்லவேண்டும். சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒருவர் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனாள்.

கருவிக்காரர் ஒரு காலத்தில் ஜன்னல் செய்துகொண்டிருந்தவர். பட்டறையில் முடியாத கருவிகள் உத்தரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கின. அவளுடைய விரலைப் பார்க்கக் கையை நீட்டினார். அவள் தன் பையிலிருந்து டேப்பை எடுத்தாள்.

"அளவு எடுக்கறது என் தொழில்ங்க. நான் சொல்றேன், நீங்க எழுதிக்கோங்க."

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். வழக்கமான மேண்டலின் கழுத்து ஒன்பது நூல் அகலம். அவளுக்குத் தேவை பதினொன்று. ஆனால் அளவு கொடுக்கும்போது எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். எந்த அளவிலும் யாருக்கும் சொல்லாமல் கொஞ்சம் லூஸ் சேர்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. வாய் தானாகவே "பதிமூணு" என்றது.

கருவிக்காரர் பதிமூன்று என்று எழுதினார். பிறகு மரத்துக்குரிய பழக்கப்படி இரண்டு நூல் மிச்சம் விட மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

"முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பிடிச்சுப் பார்க்கணும்மா. உங்க கையைப் பார்த்துத்தான் கடைசியா இழைப்பேன்."

"ஆமா ஆமா" என்றாள் டைலரக்கா. தன் வாக்கியத்தை அடுத்தவர் வாயில் கேட்ட மகிழ்ச்சியில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

மூன்று மாதம் என்று பேச்சு. முதல் மாதம் முடிந்ததும் தொலைபேசியில் கேட்டாள்.

"மரம் இன்னும் காயலைம்மா. ஈரத்துல கை வச்சா முறுக்கிக்கும்."

பேசியை வைத்துவிட்டுக் கணவரிடம் திரும்பினாள். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். "மரமே வாங்கலைங்க அந்த ஆளு" என்றாள். மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்குப் போனாள். மரம் அன்று காலையில்தான் வந்திருந்தது. மரக்கடைக்காரர் சாக்கட்டியில் போட்ட எண்கூட அழியவில்லை.

இரண்டாவது மாதம், "உடம்பு ஒட்டி கிளாம்ப் போட்டிருக்கேன். கழட்டினா ஒட்டு விட்டுடும்" என்றார். அவள் போய்ப் பார்த்தாள். கிளாம்ப் இருந்தது. அது பிடித்துக்கொண்டிருந்தது வேறு யாருடைய வயலினையோ.

"எப்படிம்மா கண்டுபிடிக்கிறே?" என்றார் கணவர்.

"முப்பத்தொரு வருஷமா நான் சொல்லாததையா அவர் புதுசா சொல்லிடப்போறார்?"

நான்காவது மாதத்தின் நடுவில் கருவிக்காரர் தானே கூப்பிட்டார். "அம்மா, வார்னிஷ் மட்டும்தான் பாக்கி. ஒரு தடவை வந்து பிடிச்சுப் பார்த்துட்டுப் போயிடுங்க."

டைலரக்கா பேசியைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னும் மரத்துல கோடுகூடப் போடலை" என்று கணவருக்கு மொழிபெயர்த்தாள். பிறகு பேசியில், "வரேங்க, கண்டிப்பா வரேன்" என்றாள். போகவில்லை.

நான்கு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது முறை கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

"உங்க கை இல்லாம நான் இழைக்க முடியாதும்மா. தேதி நெருங்குது."

"எனக்குத் தேதிதான் முக்கியம். எப்படியோ முடிச்சு அனுப்புங்க" என்று அதட்டி வைத்துவிட்டாள். 'உங்க கை இல்லாம முடியாது' என்ற வரி அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. கடைக்குப் பயன்படும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நிகழ்ச்சிக்கு எட்டு நாள் இருக்கும்போது பெட்டி வந்தது. திறந்தாள். தேன் நிறத்தில் உடம்பு, ஓரங்களில் மெல்லிய கறுப்புக் கரை. தைத்திருந்தால்கூட அவ்வளவு நேராக வராது. அதற்கு மேலே கழுத்து. கணவர் குனிந்து பார்த்தார்.

"இதுல வாசிக்கணுமா, இஸ்திரி போடணுமா?"

மடியில் வைத்துப் பிடித்தாள். விரல் பக்கத்துக் கம்பியைத் தொடவில்லை. தொடவேண்டிய கம்பியையும் தொடவில்லை. டொக் போய்விட்டது. கூடவே பாட்டும் போய்விட்டது.

மறுநாள் ஒத்திகையில் நாத்தனார் அதைக் கையில் வாங்கி, பிடித்துப் பார்த்து, மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள். "பரவாயில்ல அண்ணி. இந்த வருஷம் பல் டாக்டர் உட்காரட்டுமே. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றாள். கிண்டல் செய்திருந்தால் டைலரக்கா பதில் சொல்லியிருப்பாள். அவள் அன்பாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

"சனிக்கிழமை ஒத்திகை வரைக்கும் நாற்காலியை யாருக்கும் கொடுக்காதே" என்றாள்.

திங்கட்கிழமை காலை பட்டறை திறக்கும்போதே அவள் வாசலில் நின்றாள். இத்தனை வருடம் வாடிக்கையாளர்கள் தன்மேல் எறிந்த வாக்கியங்கள் எல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தன. ஒன்றுவிடாமல் எடுத்து வீசினாள். "கேட்டது ஒண்ணு, கொடுத்தது ஒண்ணு", "நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்", "இதை நீங்களே வச்சுக்கோங்க". கடைசி வரி மட்டும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. பெட்டியை அவள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

கருவிக்காரர் சீட்டை எடுத்தார். "நீங்க சொன்னது பதிமூணு."

"இது பதினஞ்சு! நான் அளந்துட்டேன்."

"இழைக்க ரெண்டு நூல் விட்டிருந்தேன்."

"யாரைக் கேட்டு விட்டீங்க? பதிமூணுலயே ரெண்டு நூல் லூஸ் இருக்கு!"

"லூஸா?" கருவிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "மேண்டலினுக்கு யாரும்மா லூஸ் வைக்கச் சொன்னது? அது என்ன சாப்பிட்டுப் பெருக்கவா போகுது?"

டைலரக்கா பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள்.

"வந்து பிடிச்சுப் பாருங்கன்னு மூணு தடவை கூப்பிட்டேனே? வந்திருந்தா அன்னைக்கே இழைச்சிருப்பேன்."

"பொய் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"ஏன்?"

அதற்குப் பதில் சொல்ல முப்பத்தொரு வருடக் கடையைப் பிரித்துக் காட்டவேண்டும். காட்டினாள். பட்டனில் ஆரம்பித்து மின்விசிறி வரை. கேட்கக் கேட்க அவர் முகத்தில் கோபம் ஏறி, எங்கேயோ நின்று, இறங்கியது.

"மரம் காயலைன்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள்.

"அது பொய்தான்."

"கிளாம்ப்?"

"அதுவும்."

"அப்ப இது மட்டும்?"

"இது மட்டும் நிஜம்மா."

அவர் மேண்டலினை எடுத்து எட்டுக் கம்பிகளையும் தளர்த்த ஆரம்பித்தார்.

"ரெண்டு பக்கமும் இழைக்கணும், கழுத்துல பதிச்ச மெட்டுக்கம்பி நுனியெல்லாம் அராவணும், கம்பி உட்கார்ற எலும்புத் துண்டைப் புதுசா வெட்டணும். நாலு நாளாவது ஆகும். நீங்க இங்கேயே இருக்கணும். போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாது."

"நான் சொல்றதை நானே நம்பமாட்டேன்" என்று சொல்லி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக வார நடுவில் நான்கு நாள் கடை மூடியிருந்தது. நிகழ்ச்சிக்கு நாத்தனார் தைக்கக் கொடுத்திருந்த நீலத் துணி, கொடுத்த பையிலேயே இருந்தது.

அவர் இழைப்பார், நீட்டுவார். அவள் பிடித்துப் பார்த்து, "இன்னும்" என்பாள். மறுபடி இழைப்பார். "இங்கே குத்துது", "இந்தப் பக்கம் போதும், அந்தப் பக்கம் பாருங்க" என்று தன் மிக மோசமான வாடிக்கையாளர்களையும் அவள் மிஞ்சினாள். உளி மரத்தில் இருக்கும்போது அவர் வாயே திறப்பதில்லை. சுருள் சுருளாக மரம் அவள் காலடியில் விழுந்தது. பழக்க தோஷத்தில் அவள் அதைப் பொறுக்கி ஓரமாகச் சேர்த்தாள்.

வியாழக்கிழமை மாலை கழுத்து பன்னிரண்டு நூலுக்கு வந்தபோது அவர் நிறுத்திக் கம்பி மாட்டினார்.

"இன்னும் ஒரு நூல் இருக்கே? எனக்குப் பதினொண்ணுதான்" என்றாள் அவள்.

"வாசிச்சுப் பாருங்க."

வாசித்தாள். மறுபடி வாசித்தாள். விரல் ஒவ்வொரு கம்பியிலும் தனியாக நின்றது. பதினொன்று என்று அவள் எடுத்த அளவே ஒரு நூல் குறைச்சல். அளவு எடுப்பது யார் தொழில் என்று அவர் கேட்கவில்லை. உப்புத்தாளை மடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அந்த உபகாரத்தை அவள் கவனித்தாள்.

கழுத்தில் வார்னிஷ் போய் வெறும் மரம் தெரிந்தது. மறுபடி பூசிக் காயவைக்க நாள் இல்லை. வெட்டிய நகம்போல வெளிறியிருந்த அந்தக் கழுத்தைச் சனிக்கிழமை ஒத்திகையில் எல்லோரும் பார்த்தார்கள். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் பல் டாக்டர் எழுந்துபோய்க் கிலுகிலுப்பையை எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை நூலக அரங்கில் அறுபது பேர் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் டைலரக்கா இன்னும் உடை தரவேண்டியவர்கள். நாத்தனார் போன வருடத்து உடையில் வந்திருந்தாள். முதல் பாட்டு தடங்கல் இல்லாமல் போனது. இரண்டாவது பாட்டில், எப்போதும் டொக் வரும் அந்த இடம் வந்தது. டொக் வரவில்லை. வரவில்லை என்பதைக் கேட்டுக்கொண்டிருந்ததில் அடுத்து தான் எடுக்கவேண்டிய இடத்தையே கோட்டை விட்டாள். இரண்டு அடி முழுக்கச் சும்மா இருந்தாள். பின்வரிசையில் பல் டாக்டர் கிலுகிலுப்பையைக் கொஞ்சம் பலமாக ஆட்டி அந்த ஓட்டையை மூடினார். மூன்றாவது அடியில் அவள் சேர்ந்துகொண்டு கடைசி வரை போனாள்.

கைதட்டல் முடிந்து நாற்காலிகளை மடிக்கும்போது நாத்தனார் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணி, அந்த ரெண்டாவது பாட்டு…"

"விட்டுட்டேன், தெரியும்."

"அடுத்த வாரம் ஒன்பது மணிக்கு வந்துடுங்க. அதை மட்டும் எடுத்து வாசிப்போம்."

குழுவில் மற்றவர்கள் பத்து மணிக்கு வருவார்கள். ஒன்பது மணிக்கு வருகிறவர்கள் மேண்டலின் வாசிப்பவர்கள் மட்டும்தான்.

"சரி" என்றாள் டைலரக்கா. அடுத்த ஞாயிறு எட்டே முக்காலுக்கே போய், பூட்டிய கதவுக்கு முன்னால் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.