மணமகள் காத்திருந்த நேர்முகம்

இன்று காலை எனக்கு வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஒன்லைன் நேர்முகம். ஏற்கனவே பட்டம் முடித்தவர்களையும் எடுப்பார்கள் என்பதால் விண்ணப்பித்திருந்தேன்.

தொடங்கப் போகிற நேரம் பார்த்து கல்முனையில் கரண்ட் போனது. வைஃபையும் போனது. லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். ஜெனரேட்டர் சத்தம் கேட்டது ஒரு பியூட்டி பார்லரில் மட்டும்தான்.

உள்ளே ஒரு கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். பார்லர்க்காரி ஹெயார் ட்ரையரை நிறுத்திவிட்டு எனக்கு மேசை ஒதுக்கி, வைஃபையும் தந்தார்.

"நிக்காஹ்வுக்கு நேரமாகுது!" என்று பொண்ணின் உம்மா பதறினார்.

"பொறுங்க உம்மா, இந்த ராத்தா கதைச்சி முடிக்கட்டும்" என்றாள் பொண்ணு, பாதி பின்னிய தலையோடு என்னைக் காட்டி.

"உயிரியல் பட்டம் இருக்கு, லேப்பில் வேலை இருக்கு. ஏன் மறுபடி முதலாம் ஆண்டு?" என்று நேர்முகக் குழுவினர் திரையில் கேட்டார்கள்.

பாடமாக்கிய பதில் மறந்துபோனது. "ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது, பயப்பட ஏதும் இருக்கா மகள் என்று நோயாளிகள் கேட்கிறார்கள். டொக்டரிடம் கேளுங்க என்றுதான் சொல்ல முடிகிறது. அதற்கு நானே பதில் சொல்ல வேண்டும்" என்றேன்.

முடித்துத் திரும்பினால், பதறிய அதே உம்மா எனக்காகக் கையேந்தி துஆ கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிவு இன்னும் வரவில்லை. மனசு மட்டும் நிறைஞ்சிருக்கு, அல்ஹம்துலில்லாஹ்.

அவசரத்தில் பொண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இன்று உங்கள் சொந்தத்தில் யாருடைய நிக்காஹ்வாவது பிந்தியிருந்தால், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள்: பொண்ணில் குற்றமில்லை, நான்தான் காரணம்.