ஆணி அடிக்கக் கூடாத வண்டி

வண்டி வாசலுக்கு வந்த அன்று என் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இது யாருதும்மா?" என்பதுதான்.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் வாடகை வீடு இருந்த சந்துக்குள் அந்த வண்டி நுழைந்ததே பெரிய விஷயம். மூன்று வரிசை சீட், எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம், ஏறுவதற்குப் படி வேறு. எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரைத் தள்ளிவைத்துக்கொண்டே, "இன்னா, கல்யாண மண்டபத்தையே கொண்டாந்துட்டீங்களா?" என்றார். அவருக்குப் பொறாமை. எனக்குத் தலை கால் புரியவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பெங்களூரில் கம்பெனிகள் சம்பளத்தோடு வண்டியும் தருகிறோம் என்று ஆசை காட்டிய காலம். என் கணவருக்குப் பதவி உயர்வு வந்தபோது ஆபீஸில் கார் லீஸ் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சின்னக் கார் போதும் என்றுதான் அவர் சொன்னார். பெரிய வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். அப்பா கோலார் தங்கவயலில் தனியாக இருந்தார். சுரங்கத்தில் ஆயுசு முழுக்கக் கல்தூசியை விழுங்கி அவருடைய நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. மாதத்தில் மூன்று நான்கு தடவை பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் வந்திருந்தார். பஸ்ஸில் நெருக்கியடித்து உட்கார்ந்தால் அவருக்கு மூச்சு முட்டும். நடு சீட்டில் தலையணை போட்டுச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு வந்தால்தான் வீடு வந்து சேரும்போது பேச்சு இருக்கும். அதற்காகத்தான் அந்த வண்டி. என் பவிசுக்காக இல்லை. சரி, கொஞ்சம் பவிசுக்காகவும்தான்.

"லீஸ் வண்டி நைனா. வண்டி அந்த லீஸ் கம்பெனியோடது. மாசாமாசம் இவரு சம்பளத்துல புடிச்சுக்குவாங்க. மூணு வருஷம் கழிச்சு திருப்பிக் குடுத்துடணும்" என்றேன்.

"அப்ப கம்பெனிதுன்னு சொல்லு." பானெட்டின் மேல் வைத்திருந்த கையை அப்பா எடுத்துவிட்டார். "பார்த்து வெச்சுக்கோம்மா. கீறல் கீது வுழுந்துடப் போவுது."

இதைப் புரிந்துகொள்ள எங்கள் லைன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கவயலில் நான் பிறந்து வளர்ந்தது சுரங்கக் கம்பெனி தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில். வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். எங்களுடையது என்று சொல்லிக்கொள்வோமே தவிர, ஒரு செங்கல்கூட எங்களுடையது இல்லை. அப்பாவுக்கு அது எப்போதும் நினைவில் இருக்கும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கதவில் சாக்பீஸ் கிறுக்கல் இருந்தால் முதுகில் டின் கட்டிவிடுவார். "நாளைக்குத் திருப்பிக் குடுக்கும்போது யாரு கட்டுறது?" என்பது அவருடைய மந்திரம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டில் காலண்டர்கூடப் பெட்டிமேல்தான். அம்மா போன பிறகு அவளுடைய படத்தையும் அந்தத் தகரப் பெட்டியின் மேல் சுவரில் சாய்த்துத்தான் வைத்தார். பூ போட்டால் படம் சரியும். நிமிர்த்தி வைப்பார். மறுபடி சரியும். பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சலாக வரும். ஒரு ஆணி அடித்தால்தான் என்ன என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

ஆனால் அதே வீட்டில் கரண்டும் தண்ணீரும் கம்பெனி கணக்கு. விளக்கு பகலிலும் எரியும். சுருள் ஹீட்டரில் நாள் முழுக்க வெந்நீர் கொதிக்கும். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆக எங்கள் ஜனங்கள் ரத்தத்தில் ஊறியது ஒரே பாடம்: கம்பெனி பொருளை உடைத்தால் காசு; எவ்வளவு வேண்டுமானாலும் உபயோகிக்கலாம், அது சும்மா. அந்தப் பாடத்தை அப்படியே கொண்டுபோய் நான் வண்டியில் வைத்தேன்.

சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. வெயிலில் முதுகெல்லாம் ஒட்டிக்கொள்ளும், இருந்தாலும் கழற்றவில்லை. வண்டிக்குள் முறுக்கு தின்ற என் பிள்ளைகளை ஒசகோட்டை தாண்டி ஓரங்கட்டி, இறக்கி, சட்டையை உதறவைத்து ஏற்றியிருக்கிறேன். டாஷ்போர்டில் ஒட்டச் சொல்லி யாரோ கொடுத்த சாமி படத்தைக்கூட, பசை பிடித்துக்கொள்ளும் என்று திருப்பிக் கொடுத்தேன். வண்டியை ஓட்டியதும் நான்தான். என் கணவருக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே உள்ளங்கை வேர்க்கும். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன், சனிக்கிழமை லீவு. விடிந்ததும் பழைய மெட்ராஸ் ரோட்டைப் பிடித்துத் தங்கவயல் போய், அப்பாவை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன்.

அப்பாவை மட்டுமா? போகப் போக லைனே ஏற ஆரம்பித்தது. கண் ஆபரேஷனுக்கு ஒரு அக்கா, மருமகளைப் பார்க்க ஒரு பெரியம்மா, பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போன மகளுக்கு அரிசி மூட்டை கொண்டுபோகும் ஒரு தாத்தா. "வண்டி சும்மாதானே போவுது, குந்திக்கோ குந்திக்கோ" என்று அப்பா நடு சீட்டில் காலை மடக்கிக்கொண்டு இடம் கொடுப்பார். நானும் மகாராணி மாதிரி ஒவ்வொருவரையும் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் இறக்குவேன். திரும்பக் கொண்டுபோயும் விடுவேன். அந்தச் சனிக்கிழமைகளில் வண்டிக்குள் இருந்த சிரிப்பும் கிண்டலும் போல நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. அப்பா இருமிக்கொண்டே சிரிப்பார்.

இரண்டாம் வருடம் பாதியில், ஒரு சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிவரும்போது வண்டி கொஞ்சம் ஒரு பக்கமாக இழுத்தது. லீஸ் கம்பெனி சொல்லியிருந்த ஒர்க்‌ஷாப் வழியில்தான் இருந்தது. நுழைந்தேன். அன்றைக்கென்று லீஸ் கம்பெனி ஆள் ஒருவரும் அங்கே வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை உள்ளே நீட்டி மீட்டரைப் பார்த்தவர் ஒரு அடி பின்னால் போனார்.

"ஏன் மேடம், டாக்ஸிக்கு விடுறீங்களா?"

"என்னய்யா பேச்சு இது? குடும்ப வண்டி. உள்ள பாரு, ஒரு கீறல் இருக்குதா? சீட் கவர்கூடப் பிரிக்கல!" என்று பாய்ந்தேன்.

"கீறல் பரவாயில்ல மேடம். சின்னச் சின்னது நாங்களே விட்டுடுவோம். கிலோமீட்டர்தான் ப்ராப்ளம். மூணு வருஷத்துக்குக் குடுத்த லிமிட்டை இப்பவே தாண்டிட்டீங்க. திருப்பிக் குடுக்கும்போது எக்ஸ்ட்ரா ஓடின ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு. சாருக்குத் தெரியுமே, சொல்லலயா?"

திரும்பிப் பார்த்தேன். நடு சீட்டில் அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் கணவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். மாதாமாதம் பிடிப்பது வண்டியின் விலை இல்லை; மூன்று வருடத்தில் வண்டி எவ்வளவு தேயுமோ அந்தத் தேய்மானத்தின் விலை, அதற்குமேல் வட்டி, இன்சூரன்ஸ், சர்வீஸ். வண்டி இவ்வளவு தூரம்தான் ஓடும் என்று முதலிலேயே வைத்துப் போட்ட கணக்கு அது. ஓட ஓட வண்டியின் மதிப்பு இறங்கும். இறங்கியதை நம்மிடம்தான் வாங்குவார்கள். அதாவது லைன் வீட்டுக்கு நேர் தலைகீழ். உடைத்தால் மன்னிப்பு, உபயோகித்தால் காசு.

"தெரிஞ்சும் ஏங்க வாய மூடிட்டிருந்தீங்க? அரிசி மூட்டைய எல்லாம் ஊர் சுத்தி இறக்கினேனே!"

"சொன்னா நீ மாமாகிட்ட கத்துவே. அவரு வர்றதை நிறுத்திடுவாரு" என்றார். "ஓடட்டும், விடு. அதுக்குத்தானே எடுத்தோம்."

என்னோடு குடித்தனம் பண்ணும் மனுஷன் எப்படிப்பட்டவர் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. அதற்காக உடனே குழைந்துவிடவில்லை. முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை நான் கிளம்புவதற்குள் பக்கத்து வீட்டு போனிலிருந்து அப்பா பேசினார். "இந்த வாரம் வராதம்மா. டாக்டரு ஒண்ணும் அவசரமில்லன்னாரு." அதற்கடுத்த வாரமும் அதேதான். மூன்றாவது வாரம் காலையில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து யாரோ போன் செய்தார்கள். தங்கவயல் பாசஞ்சரில் வந்த பெரியவர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை, சட்டைப் பையில் இந்த நம்பர் இருந்தது என்று.

கதவோரம் நின்றுகொண்டே வந்திருக்கிறார். நான் போனபோது பெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் மேலே ஏறி இறங்கியது. என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "வண்டி... எடுத்துனு... வந்தியா? ஏம்மா..."

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அப்பா கண் திறந்ததும், நர்ஸ் இருப்பதையும் பார்க்காமல் கத்தினேன். "மூச்சு வுடுறதுக்கும் மீட்டர் பார்ப்பியா நைனா? எனக்கு உன்ன வுட்டா யாரு இருக்கா?" கத்திவிட்டு அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"கம்பெனி பொருளும்மா" என்றார் மெதுவாக. "மாப்ளைக்குக் கடன் வெச்சுட்டுப் போகக் கூடாதில்ல."

அந்த வாரமே நானும் கணவரும் லீஸ் ஆபீஸுக்குப் போனோம். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அங்கே இருந்த பெண் எங்கள் பேப்பரைப் பார்த்துவிட்டு, கன்னடமும் தமிழுமாகச் சொன்னாள்: "யாக்கே மேடம், எதுக்கு டென்ஷன்? திருப்பிக் குடுத்தாதான் கிலோமீட்டர் கணக்கு. டைம் முடிஞ்சதும் நீங்களே வாங்கிக்கிட்டா, மீட்டரை யாரும் பார்க்க மாட்டாங்க. எவ்வளவு ஓடியிருந்தாலும் மொதல்ல எழுதின விலைதான்."

அந்த விலை எங்களுக்குச் சின்ன விலை இல்லை. பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கும் எல்லாரையும் போல என் கணவருக்கும் ஒரே கனவு: சொந்த வீடு கட்ட முப்பதுக்கு நாற்பது அடியில் ஒரு சைட். பொம்மனஹள்ளிக்கு அந்தப் பக்கம் ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பொட்டல் நிலத்தில் நின்று, இது ஹால், இது கிச்சன் என்று கையால் கோடு போட்டுக் காட்டுவார். அதற்குச் சேர்த்த பணம்தான் இருந்தது. லீஸ் ஆபீஸ் படியிறங்கும்போது நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார், "சைட்டுல மாமா படுத்துனு வர முடியாதே." சொல்லிவிட்டு ஏதோ பெரிய ஜோக் அடித்தது மாதிரி அவரே சிரித்துக்கொண்டார். இன்றுவரை நாங்கள் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். அந்தச் சைட் பக்கம் போகும்போதெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். எந்த ஜென்மத்தில் என்ன புண்ணியம் செய்தேனோ.

லீஸ் முடியும் வரை வண்டி மறுபடியும் சனிக்கிழமை தவறாமல் ஓடியது. அப்பாவை ஏறவைக்க முதல் இரண்டு வாரம் நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. பிறகு ஏறினார். மூன்று வருடம் முடிந்து, வண்டி என் கணவர் பெயருக்கு மாறி, ஆர்.சி. புத்தகம் கைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு நாங்கள் எல்லாருமாகத் தங்கவயல் போனோம். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அப்ப இப்ப இது யாருதும்மா?"

"நம்முளுது நைனா."

"திருப்பிக் குடுக்கத் தேவையில்ல?"

"யாருக்கும் குடுக்கத் தேவையில்ல."

உள்ளே போனார். தகரப் பெட்டியின் மேலிருந்த அம்மா படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் ஒரு திருப்புளியும் இரண்டு ஸ்க்ரூவும். எங்கிருந்து வாங்கி வைத்திருந்தாரோ தெரியாது. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, டாஷ்போர்டின் நடுவில் படத்தை வைத்துப் பார்த்து, மூச்சு வாங்க வாங்க அவரே ஸ்க்ரூவைத் திருகினார். குடுங்க மாமா, நான் போடுறேன் என்று என் கணவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. இரண்டாவது ஸ்க்ரூ இறங்கும்போது படக்கென்று சத்தம் கேட்டது. டாஷ்போர்டில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

அப்பாவின் கை அப்படியே நின்றது. பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"அய்யோ, ஒடஞ்சிடுச்சேம்மா. யாருக்குக் கட்டணும்?"

"யாருக்கும் கட்ட வேணாம் நைனா" என்றேன். "நீ திருகு."

அவர் திருகினார். படம் சரியாமல் நின்றது.