முந்தானை உள்ளே

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்குச் சேலை மடிக்கிற வேலை. வந்தவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற சேலைகளைத் திரும்ப மடித்து அடுக்க வேண்டும். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். யாரிடமும் அதிகம் பேச வராது. மடிக்க மட்டும் வரும்.

பட்டுப் பகுதி எனக்கு. பக்கத்துப் பருத்திப் பகுதி அக்காவுக்கு. கூட வேலை பார்ப்பவர், என்னைவிட நாலு வயது மூத்தவர், பெரிய கடை வீதிப் பக்கம் வீடு. நான் முந்தானை மேலே தெரிய மடிப்பேன். அக்கா உள்ளே வைத்து மடிப்பார். "பிரிச்சுக் காட்டுற வரைக்கும் அது வெக்கப்படட்டும், உன்ன மாதிரி" என்று கிண்டல் செய்வார்.

போன வருஷம் அக்காவுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. கை மேலே போகவில்லை. சேலை குவிந்தது. "நான் மடிக்கிறேங்க்கா" என்றேன்.

"வேணாம்மா. என் வேலை என்கிட்டயே இருக்கட்டும். இது போச்சுன்னா நாள் பூரா மருமக மொகத்தையும் டிவியையும் மாறி மாறிப் பாக்கணும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் மதியத் தொழுகைக்குப் போகிற நேரம் பார்த்து மடித்து வைத்துவிடுவேன். திரும்பி வந்து அடுக்கைப் பார்ப்பார். தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றுவார்.

ஒரு நாள் சூப்பர்வைசராக இருக்கிற தம்பி இரண்டு அலமாரியையும் பார்த்தார். எல்லாச் சேலையிலும் முந்தானை மேலே.

"என்னம்மா, ரெண்டும் உங்க மடிப்பா இருக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு இன்றைக்கு மட்டும்தான் வலி என்றாவது சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்ப ஒரு ஆளே போதும்போல" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

மாதம் முடிந்ததும் அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே, "மடிச்சதுதான் மடிச்சே, என்ன மாதிரி மடிச்சிருக்கக் கூடாதா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அக்காவைப் போய்ப் பார்க்கலாம் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, எங்கள் ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

இப்போது இரண்டு பகுதியும் என்னிடம். பருத்திச் சேலைகளை மட்டும் முந்தானையை உள்ளே வைத்து மடிக்கிறேன். "ஏம்மா, இத மட்டும் இப்பிடி மறைச்சு வைக்கிறீங்க?" என்று தம்பி கேட்கிறார். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த சேலையை எடுக்கிறேன்.