இலவங்கட்டையில் வெட்டிக் காட்டிய ரூட்டர்

இரும்புக்கடை வேலைக்குச் சேர்ந்த நாளில் எனக்குப் பழக்கமான ஆயுதம் அரிவாள்மனை ஒன்றுதான். அதுவும் எட்ட நின்று பார்த்த பழக்கம். கடை, தேனியில் ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்தது. வேலை மாமனார் சிபாரிசில் கிடைத்தது. வேலை போனால் சம்பளம் போகும் என்பதுகூட இரண்டாம் பட்சம். மாமனார் முகத்தில் முழிக்க வேண்டும். கடை வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகள் இந்தக் கவலையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

முதல் நாளே முதலாளி கடையின் வழக்கத்தைச் சொல்லிவிட்டார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓர் இலவங்கட்டை கிடக்கும். உளி, இழைப்புளி, ரம்பம், யார் எதைக் கேட்டாலும் அதில் வெட்டிக் காட்டித்தான் விற்க வேண்டும். பஞ்சுக்காக நாங்கள் வளர்க்கிற இலவ மரம் எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பது எனக்கும் தெரியும். அதைக் கொண்டுவந்து கடையில் ஏன் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் உறைக்கவில்லை.

1. மினுக்கு

மூன்றாம் நாள் முதலாளி சரக்கு எடுக்க மதுரைக்குப் போய்விட்டார். நான் ஒண்டியாள். அன்றைக்குத்தான் ஸ்டேஷன் பாயிண்ட்ஸ்மேன் வெள்ளைச்சாமி அண்ணன் வந்தார். ஆறடி உயரம், அதற்கேற்ற கை. வீட்டுக்குப் பாத்திர அலமாரி தானே செய்வதாகவும், தட்டுப் பலகைகளைச் செருக நீளப் பள்ளமாகக் காடி எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்து, உளியால் கொத்திவிடுவாராம். காடியின் அடிதான் மேடும் பள்ளமுமாக வருகிறதாம்.

அடியை மட்டமாக்குகிற அந்தக் கைக்கருவிக்குக் கடையில் ரூட்டர் என்று பெயர். மூன்று இருந்தன. சீமை ரூட்டரின் விலையைக் கேட்டதும் அண்ணன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இன்னொன்று தேவதானப்பட்டி ஆசாரி ஒருவர் செய்தது. மரக்கட்டை உடம்பு, அதில் செருகிய சின்ன உளியை ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். தூசி படிந்து மூலையில் கிடந்தது. விலை குறைவு, அழகு அதைவிடக் குறைவு. நடுவில் ஒன்று, நிக்கல் பூச்சில் பளபளவென்று, உளியைக் கையால் திருகி இறுக்குகிற ஸ்குரூவோடு இருந்தது. எடுத்து இலவங்கட்டையில் இழுத்தேன். அல்வாவில் கரண்டி போனது மாதிரி போனது.

“தம்பிக்கு நல்ல தொழில் பழக்கம்,” என்றார் அண்ணன்.

நான் மறுக்கவில்லை. அது என் முதல் தப்பு. அந்த மினுக்கு ரூட்டரையே வாங்கிக்கொண்டு போனார்.

2. பலகை

நான்கு நாள் கழித்து, முதலாளி கல்லாவில் இருக்கும்போது, தெருமுனையில் வெள்ளைச்சாமி அண்ணன் தெரிந்தார். தோளில் ஒரு பலாப் பலகை, கையில் அந்த ரூட்டர். நடையில் வேகம். அந்தப் பலகை எதற்கு வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆணிப் பீப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து, மாமனாரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

“ஏலே, அங்கன என்ன முட்டையிடுற? அண்ணன் வந்திருக்காக, எந்திரி,” என்றார் முதலாளி.

எழுந்தேன். அண்ணன் பலகையை என் தலையில் போடவில்லை, தரையில் போட்டார். பாதிக் காடி மட்டமாக இருந்தது. பிறகு பள்ளமாகி, கடைசியில் பலகையையே துளைத்துக்கொண்டு மறுபுறம் வெளிச்சம் தெரிந்தது.

“வீட்டுல பலகையே மொத்தம் நாலுதான் தம்பி. இதுல கொஞ்சம் இழுத்துக் காட்டுங்க.”

இழுத்தேன். பலா பிடித்துக்கொண்டது. ஸ்குரூ நழுவி, உளி தன் இஷ்டத்துக்குக் கீழே இறங்கியது. முதலாளி அசையவில்லை. மரத்தில் முறுக்கு இருக்கிறது, அழுத்திப் பிடித்திருப்பீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போய், என் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லுப்பா. குத்தம் மரத்துலயா, ரூட்டருலயா?”

மரத்தில் என்று சொன்னால் என் வேலை நிலைக்கும். அண்ணனுக்கு அலமாரி போகும். ரூட்டரில் என்றால் வேலை போகும். பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“கட்டையில மொதலாளி. அந்த இலவங்கட்டையில எதை இழுத்தாலும் வெட்டும். என் நகத்த இழுத்தாலும் வெட்டும்.”

கடையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. நான் அதோடு நிறுத்தாமல், மூலையில் கிடந்த ஆசாரி ரூட்டரைத் தூசி தட்டி, ஆப்பை இறுக்கி, அதே பலகையில் இழுத்தேன். மெதுவாகத்தான் போனது. முனகியது. ஆனால் வைத்த இடத்தைவிட்டு உளி நகரவில்லை.

அத்தனை பேர் முன்னால் முதலாளிக்கு வேறு வழியில்லை, மாற்றிக் கொடுத்தார். அண்ணன் அந்த ஓட்டைப் பலகையைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார். வருகிறவர்கள் இதில் வெட்டிப் பார்க்கட்டும் என்றார்.

கூட்டம் கலைந்ததும் நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். முதலாளி ஏறிட்டுப் பார்த்தார்.

“எங்க கெளம்பிட்ட? பயந்தா உண்மையச் சொல்லுற ஆளு நீ. ஒன்னைய வெளிய விட்டா ஊரெல்லாம் சொல்லுவ. இங்கனயே கெட.”

அன்றிலிருந்து கடையில் வெட்டிக் காட்டுவது பலாப் பலகையில்தான். இலவங்கட்டையை எனக்கு ஆசனமாகப் போட்டுவிட்டார்கள். பதினைந்து வருஷமாக அதன்மேல் உட்கார்ந்துதான் வியாபாரம் செய்கிறேன். உட்காருவதற்கு அதைப் போல மரம் கிடையாது. வீட்டு வேலைக்கு மலிவாக ரூட்டர் வாங்க வருகிறவர்கள் மினுக்கைப் பார்க்க வேண்டாம். உளியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பலகையில் ஒரு துண்டு கொண்டுவாருங்கள். தோளில் வைத்து மட்டும் வர வேண்டாம். எனக்கு இன்னும் அந்த ஆணிப் பீப்பாய் ஞாபகம் வந்துவிடுகிறது.