சரிபார்த்தவர் கட்டம்

"என் பிளான்ல தப்புக் கண்டுபிடிக்க இனிமேதான் ஒருத்தர் பொறந்து வரணும்" என்று ஸ்கேல் சார் இருபது வருடங்களாகச் சொல்லிவந்தார். தொழில் கட்டட வடிவமைப்பு. சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் ஸ்கேல் இருப்பதால் அந்தப் பெயர். அவருடைய வரைபடங்களின் மூலையில் 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டிலும் அவரே கையெழுத்துப் போடுவார். தன்னைவிடக் கண்டிப்பான ஆள் அகப்படவில்லையாம்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் ஒரு தொண்டு அமைப்பு சனிக்கிழமை வீடியோ வகுப்புக்குப் பிடித்துப் போட்டது. கட்டடக்கலை, பொறியியல் பக்கம் வீட்டில் ஒருவர்கூட எட்டிப் பார்த்திராத பிள்ளைகளுக்கு, தொலைவிலிருந்தே ஆசை மூட்ட வேண்டும். ஆசை மூட்டத் தன் பிளானை விட்டால் உலகத்தில் வேறென்ன இருக்கிறது? அக்கா வீட்டு பிளானை எடுத்தார். கால்கள் செயலிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தான், சக்கர நாற்காலியில் வீடு திரும்பப்போகிறார். அவருக்காகக் கீழ்த்தளத்தில் புது அறை, குளியலறை. திங்களன்று சுவர் எழும்ப வேண்டும். அத்தான் கேட்டது ஒன்றுதான்: "யாரையும் கூப்பிடாம நானே குளிச்சிட்டு வரணும், மச்சான்."

அந்தப் பக்கம் நாற்பது பிள்ளைகள், டீச்சரின் ஒரே போன். சாரின் மெல்லிய கோடுகள் அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன. டீச்சர் அளவுகளை வாயால் சொல்லச் சொன்னார். பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் சாக்பீஸால் நிஜ அளவிலேயே வரைந்து, வாஷ்பேசினுக்கு ஒரு பக்கெட்டையும் வைத்துவிட்டார்கள். அவர்களில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண் உள்ளே போனாள்.

கதவு மூன்றடி, தாராளம் என்று சார் அளந்துகொண்டிருந்தபோது போனில் அவள் குரல் வந்தது.

"உள்ள வந்துட்டேன் சார். ஆனா திரும்ப முடியல."

"கொஞ்சம் பக்குவமா திருப்பிப் பாரும்மா."

"நாலு வருஷமா இதைத்தான் சார் திருப்பிட்டிருக்கேன். பேசினைத் தள்ளி வைங்க. இல்லன்னா அவரை உள்ளயே குடிவச்சிடுங்க."

முற்றமே சிரித்தது. சார் வகுப்பை அந்தரத்தில் விட்டு மேஸ்திரிக்கு போன் போட்டார். செங்கல் இறங்கியாயிற்று, ஆனால் ஒரு கல்கூட வைக்கவில்லை என்று தெரிந்ததும்தான் அவருக்கு மூச்சே வந்தது. பிளானை மாற்றப்போவதாகச் சொன்னதும் மேஸ்திரி, பேசுவது சார்தானா என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

பேசின் மூலைக்குப் போனது, சுவர் இரண்டடி நகர்ந்தது, கதவு வெளிப்பக்கம் திறந்தது. முற்றத்தில் மறுபடி கோடு. அவள் உள்ளே போனாள், ஒரு முழு வட்டம் அடித்தாள், வெளியே வந்தாள். கௌரவத்துக்காக இன்னொரு வட்டமும் அடித்தாள்.

இரண்டு மாதம் கழித்து அத்தான் தானே போய்க் குளித்தார். முக்கால் மணி நேரம் உள்ளிருந்து பாட்டு வேறு. மனுஷர் வெளியே வந்தால் போதும் என்று அக்காதான் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

அன்று மாலை ஸ்கேல் சார், கோப்பில் சேர்க்க வேண்டிய இறுதி வரைபடத்தை விரித்தார். 'வரைந்தவர்' கட்டத்தில் கையெழுத்திட்டார். பிறகு டீச்சரை அழைத்து அந்தப் பெண்ணின் முழுப்பெயர், இனிஷியல் எல்லாம் கேட்டுக்கொண்டார். போகிறபோக்கில் வயதையும் கேட்டார். பதின்மூன்று.

மனக்கணக்குப் போட்டார். 'இனிமேதான் பொறந்து வரணும்' என்று சொல்லிவந்த இருபதில் ஏழு வருடம் உண்மை பேசியிருக்கிறார். மிச்சம் பதின்மூன்று வருடம் சும்மா.

'சரிபார்த்தவர்' கட்டத்தில், ஸ்கேல் வைத்து நேராக, அவள் பெயரை எழுதினார்.