பிலோமினாவின் கத்தரிக்கோல்

என் மனைவியின் பெயரைக் கெடுத்தவன் நான். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் கோவில்பதாகையில் குடியிருந்தோம். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். மயிரிழை பிசகினாலும் அடுத்தவன் செய்த உருப்படியைக் கழித்துப் போடுவது என் வேலை. பட்டம் பெற்றவன், ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவன். நான் கஞ்சா புகைப்பது செல்வத்துக்கு மட்டும்தான் தெரியும்.

செல்வம் என்னோடு வேலை பார்த்த அண்ணனூர்க்காரன். நான் கஞ்சாவை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் கசக்குவதைப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னா மாமே, வெராட்டி தட்டிகினு கீற? பாதி கையிலயே ஒட்டிக்கும். நாத்தம் வேற... அண்ணி மோந்தா நீ காலி! வெதையப் பொறுக்கு, காம்பக் கிள்ளு, கத்திரியால பொடிப்பொடியா நறுக்கு. அப்பதான் சீரா எரியும்.”

கையில் நாற்றம் இருக்காது! என் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

வீட்டில் இருந்தது பிலோமினாவின் துணி வெட்டும் கத்தரிக்கோல். காகிதம் வெட்டக்கூடத் தரமாட்டாள். கோயிலில் முதன்முதலாக நற்கருணை பெற்று, புதுநன்மை வாங்கும் சிறுமிகளுக்கு அவள் தைக்கும் வெள்ளைக் கவுனுக்காகப் பட்டாபிராமிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

காலையில் அவள் தண்ணீர் பிடிக்கப் போனதும், ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் வைத்து நறுக்குவேன். லுங்கியால் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைப்பேன். இரண்டு அலகும் சேரும் ஆணியடியில் பிசின் படிந்துகொண்டே வந்ததை... அளவு பார்த்தே பிழைத்த என் கண் பார்க்கவில்லை!

பிறகு ஒரு கல்யாணக் கவுன். வெள்ளை சாட்டின். திருமணத்துக்கு முந்தின நாள் பெண்ணின் தாய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இஸ்திரி போட்டதும், இடுப்புத் தையலோரம் பச்சையும் பழுப்புமாய் ஒரு கறை எழும்பியிருந்தது.

“இன்னா பிலோமினா, கொழம்புக் கையோட வெட்டினியா? நாளைக்கு இத்தப் போட்டுகினு எம் பொண்ணு பீடத்தாண்ட நிக்கணுமா? இனிமே உன்கிட்ட எவ துணி குடுப்பா?”

நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பிலோமினா என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, கைய கழுவிகினுதானே வெட்டுவேன்? நீங்களே சொல்லுங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கொஞ்சம் பாத்துச் செஞ்சிருக்கலாம்ல” என்றேன்.

பயமா? மானமா? இன்றுவரை விளங்கவில்லை... என் கை நாறக் கூடாது என்று அவள் கையை அழுக்காக்கினேன். அவ்வளவுதான் தெரியும்.

கஞ்சாவை அந்த வாரமே விட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கஞ்சாவைச் சொன்னேன். கத்தரிக்கோலைச் சொல்லவில்லை!

துணி கொண்டுவருபவர்கள் குறைந்தார்கள். அடுத்த ஆண்டு தையல் மெஷினை விற்றாள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மகளுக்குப் புதுநன்மை. கவுனைக் கடையில் வாங்கினோம். “நீயே தெச்சிருக்கலாம்லம்மா” என்றாள் குழந்தை.

“வேணாம்மா. எங் கை பட்டா கறையாயிடும்.”

பூசைக்குக் கிளம்பும்போது, மகளுக்கு முக்காடு குத்திவிடுவதற்கு முன் பிலோமினா இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பிறகு என் முன்னால் வந்து உள்ளங்கைகளை விரித்தாள்.

“பாருங்க... சுத்தமாத்தானே கீது?”

“சுத்தமாத்தான் இருக்கு” என்றேன்.

அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. அவள் கண்மூடும் வரை அது வெளியே வரவில்லை.